மூலதனமும் பக்கூனினும்: கிருஷ்ணகிரி வாசிப்பு வட்டத்துக்கு உதவி தேவை

தோழர்களுக்கு வணக்கம். மாங்கூழ் ஆலைத் தொழிலாளர்கள், ஓசூர் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு கிருஷ்ணகிரியில் வாசிப்பு வட்டம் தொடங்குகிறோம்.

கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதியை (1867) முதல் பக்கத்திலிருந்து எடுத்தால், சரக்கு, மதிப்பு வடிவம் என்ற இடத்திலேயே பலர் நின்றுவிடுவார்கள். அதனால் வேலை நாள் பற்றிய 10ஆம் அத்தியாயம் முதலில். ஷிப்டும் ஓவர்டைமும் தெரிந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். அடுத்து ஆதித் திரட்டல், அதாவது முதலாளித்துவத்துக்கான மூலதனம் முதலில் எப்படிச் சேர்ந்தது என்ற பகுதி (அத்தியாயங்கள் 26–33), பிறகுதான் 1–3. இவை ஆங்கிலப் பதிப்பின் எண்கள். ஜெர்மன் பதிப்பில் வேலை நாள் 8ஆம் அத்தியாயம். உங்களிடமுள்ள தமிழ்ப் பதிப்பில் என்ன எண் என்று சொல்லுங்கள்.

அரசே கூடாது என்னும் அரசின்மைவாதப் பக்கத்து நூல்கள்தான் கைவசம் குறைவு. முதல் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1872 ஹேக் மாநாட்டில் ரஷ்ய அரசின்மைவாதி பக்கூனின் வெளியேற்றப்பட்டதை ஒரு தரப்பிலிருந்து மட்டும் படித்தால், அரசு பற்றிய பெரிய விவாதம் மார்க்ஸ், பக்கூனின் என்ற இருவர் சண்டையாகச் சுருங்கிவிடும். அவருடைய 'அரசுவாதமும் அராஜகமும்' (1873) நூலையும் அதன்மேல் மார்க்ஸ் எழுதிய குறிப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க வேண்டும். இவற்றின் தமிழாக்கம் இருந்தால் தாருங்கள். சென்னையில் பிறந்த அரசின்மைவாதி எம்.பி.டி. ஆச்சார்யாவின் கட்டுரைகளும், 1931இல் 'குடி அரசு' வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கைத் தமிழாக்கமும் அவசியம் வேண்டும்.

ஸ்கேன் என்றால் 300 டிபிஐ போதும். பழைய தாள் நொறுங்கும். புத்தகத்தின் முதுகை அழுத்தி விரிக்காமல் மேலிருந்து படமெடுங்கள். தருமபுரி பக்கம் இருப்பவர்கள் சொன்னால் நேரில் வந்து நகலெடுத்துக்கொள்கிறோம்.