லைட்டை அணைச்சும் கரண்ட் இறங்கல: நானோ சென்சார் பண்றவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

ஜிங்க்வாசி:
ரொம்ப நாளா மனசுல கெடக்குது, எழுதிடறேன். யூவி வெளிச்சத்தைப் புடிக்கற சென்சாருக்கு எல்லாரும் பண்ற அதே ஜிங்க் ஆக்சைடு நானோராட் (நானோ அளவு குச்சி) தான், ஜிங்க் அசிடேட் சீட் லேயர், அப்புறம் ஜிங்க் நைட்ரேட்டும் ஹெச்எம்டிஏங்கற அமீனும் கரைச்சு 90 டிகிரி ஓவன், சப்ஸ்ட்ரேட்டைக் கவுத்து வெச்சு. எஸ்ஈஎம்ல, அதாவது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல, அறுகோணம் அறுகோணமா தலை தெரிஞ்சுது, அதுல குறையே இல்ல. 365 நானோமீட்டர் எல்ஈடியைப் போட்டா கரண்ட் ஜிவ்வுன்னு ஏறுது. அணைச்சா இறங்க மாட்டேங்குது. மெஸ்ல சாப்பிட்டுட்டு வந்து பாத்தாலும் பழைய டார்க் கரண்ட்டுக்கு (இருட்டுல ஓடற கரண்ட்) வரல.

காரணம் தெரியும், அதை யாரும் சொல்ல வேணாம். இருட்டுல ராட் மேல ஆக்சிஜன் வந்து ஒட்டி எலக்ட்ரானைப் புடிச்சு வெச்சுக்கும், யூவி பட்டதும் உண்டாகற ஹோல் (எலக்ட்ரான் போன காலியிடம்) அந்த ஆக்சிஜனைக் கழட்டி விட்டுடும், எலக்ட்ரான் தனியா நின்னுடும், ஆக்சிஜன் திரும்ப வந்து ஒட்டற வரைக்கும் கரண்ட் ஓடிட்டே இருக்கும். படிக்கறப்ப சரின்னு தலையாட்டிட்டு போயிடுவோம். நான் வேக்கம் சேம்பர்ல வெச்சு பாத்தேன். லைட் ஆஃப், கோடு படுத்த வாக்குல போய்ட்டே இருக்கு, இறங்கற மாதிரியே இல்ல. வால்வை லேசா தொறந்தேன், புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு, அந்த நொடியே ஸ்க்ரீன்ல கோடு மடமடன்னு விழுந்துச்சு. லைட்டை யாரும் தொடவே இல்ல!

அன்னிலேருந்து ஒரே குடைச்சல். நாம பண்ணது லைட் சென்சாரா ஆக்சிஜன் சென்சாரா? பேப்பருக்கு யூவி டிடெக்டர்னு தலைப்பு வெக்க கை வர மாட்டேங்குது. உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா?

ஈயப்புள்ளி:
நடந்திருக்கு, நேர் எதிரா. தைவான்ல போஸ்ட்டாக்ல இருந்தப்ப லெட் சல்ஃபைடு குவாண்டம் டாட் (சில நானோமீட்டர் அளவு துகள்) பண்ணிட்டிருந்தோம். லெட் ஆக்சைடு ஒலியிக் ஆசிட்ல கரைஞ்சு தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், டிஎம்எஸ் சல்ஃபைடை (சல்ஃபர் குடுக்கற திரவம்) சிரிஞ்ச்ல ஒரே தள்ளு தள்ளினா கண் சிமிட்டற நேரத்துல ஃப்ளாஸ்க் முழுக்க டிகாஷன் நெறம். எத்தனை தடவை பாத்தாலும் அலுக்காது.

ஃபிலிமா போட்டா ஒலியிக் ஆசிட்டோட 18 கார்பன் வால் ஒவ்வொரு டாட்டையும் சுத்தி நிக்கும், கரண்ட்டே போகாது, அதனால ஈத்தேன்டைதயாலுங்கற குட்டை மூலக்கூறை ஊத்தி மாத்துவோம், இதெல்லாம் தெரிஞ்சது தான். விஷயம் என்னன்னா, ஒரு டிவைஸ் க்ளவ் பாக்ஸுக்கு (காத்து புகாத பெட்டி) வெளில ராத்திரி முழுக்க கெடந்துச்சு. காலைல ஸ்பெக்ட்ரம் எடுத்தா எக்ஸிடான் பீக் (டாட் உறிஞ்சற வெளிச்சத்தோட முகடு) நீலப் பக்கம் நகந்திருக்கு, அதாவது மேல ஆக்சைடாகி உள்ள இருக்கற டாட் சின்னதாயிடுச்சு. குழுவுல எல்லாரும் கெட்டுப்போச்சுன்னாங்க. நான் சும்மா அளந்தேன், ரெஸ்பான்ஸ் முன்னாடி இருந்ததை விட எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஸ்லோவா இருந்துச்சு, அது உண்மை. மறுநாள் தேடறப்ப அது வேஸ்ட் டப்பாவுக்கு போயிருந்துச்சு. இன்னும் ஆறல எனக்கு.

ஜிங்க்வாசி தம்பி, உங்க கேள்வியே எனக்கு ஒப்பல. ட்ராப்பை, அதாவது சார்ஜ் மாட்டிக்கற இடத்தை, ஏன் எதிரி மாதிரி பாக்கறீங்க? 2006ல டொரண்டோலேருந்து கான்ஸ்டான்டாடோஸ், சார்ஜென்ட் குழு நேச்சர்ல போட்டாங்களே அந்த லெட் சல்ஃபைடு டிடெக்டர், அதுல கெயினை (ஒரு ஃபோட்டானுக்கு பல எலக்ட்ரான் ஓடறது) குடுத்ததே ஆக்சைடால வந்த ட்ராப் தான். ஒரு கேரியர் (எலக்ட்ரானோ ஹோலோ) மாட்டிக்கிட்டு நிக்கும், இன்னொன்னு எலக்ட்ரோடுக்கு எலக்ட்ரோடு சுத்தி சுத்தி வரும். எவ்ளோ நேரம் மாட்டி நிக்குதோ அதை ஒரு தடவை கடக்கற நேரத்தால வகுத்தா அதான் கெயின். உங்க ராட்ல ஆக்சிஜன் பண்றதும் இதே வேலை தான். ட்ராப்பே இல்லாம போனா வேகம் வரும், அந்த பெரிய கரண்ட் போயிடும். தலைப்பை தைரியமா வைங்க.

மூணுமூலை:
ஈயப்புள்ளி சார் சொல்றது பாதி சரி. கெயின் கெயின்னு எல்லாரும் பெரிய நம்பரைக் காட்டறோம், எவ்ளோ வெளிச்சத்துல எடுத்ததுன்னு யாரும் முதல் பக்கத்துல போடறதில்ல. எங்க ஆளுங்க எல்லாரும் சொல்ற மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒற்றை லேயர் பேப்பர், 2013, வாட்டுக்கு 880 ஆம்பியர், 561 நானோமீட்டர்ல. அது ரொம்ப ரொம்ப மங்கலான வெளிச்சத்துல வந்த நம்பர். வெளிச்சத்தை ஏத்துங்க, ட்ராப் எல்லாம் நெறைஞ்சுடும், ரெஸ்பான்சிவிட்டி (ஒரு வாட் வெளிச்சத்துக்கு எவ்ளோ கரண்ட்) சரிஞ்சுடும். சூரிய வெளிச்சத்துல வேலை செய்யற யூவி மீட்டருக்கு அந்த கெயினை வெச்சு என்ன பண்றது?

என் கதை சின்னது. அதே மாலிப்டினம் டைசல்ஃபைடை சிவிடில, அதாவது ஆவியிலேருந்து, வளக்கறது தான், குவார்ட்ஸ் ட்யூப் நடுவுல மாலிப்டினம் ட்ரையாக்சைடு வெச்ச போட் (சின்ன தட்டு), காத்து வர்ற பக்கம் சல்ஃபர், ஆர்கான், 700 டிகிரிகிட்ட. 300 நானோமீட்டர் ஆக்சைடு போட்ட சிலிக்கான் ஊதா கலர்ல இருக்குமே, அதை மைக்ராஸ்கோப்ல வெச்சு ஃபோகஸை மெதுவா திருப்பறேன், ஊதாவுல கொஞ்சம் நீலமா, சுத்தமா வெட்டி எடுத்த மாதிரி முக்கோணங்கள், ஒண்ணோட முனை இன்னொன்னைத் தொட்டுக்கிட்டு. முக்கால் நானோமீட்டர் கூட தடிமன் கெடையாது, அது கண்ணுக்கு தெரியுதுங்கறதே என்னால நம்ப முடியல, கத்திட்டேன். அப்புறம் பழைய ட்யூப்ல விரிசல் விட்டுச்சு, புது ட்யூப் போட்டோம். அதே டெம்பரேச்சர், அதே ஃப்ளோ, அதே போட். ஒரு முக்கோணம் கூட வரல, கருப்பா படலம் தான். பழைய ட்யூப் சுவத்துல படிஞ்சிருந்த ஏதோ ஒண்ணு தான் வளத்து விட்டுருக்கணும், எதுன்னு இன்னிவரைக்கும் புடிபடல.

அடையாறு லேப்:
நான் பண்றது சீசியம் லெட் ப்ரோமைடு நானோ துகள். டார்ச் அடிச்சா பச்சையா ஜொலிச்ச சீசா, மழைக்காலத்துல கடைசி கழுவல்ல அசிடோன் பட்டதும் என் கண்ணு முன்னாடியே ஒளி மங்கி, மஞ்சளாகி, அடில படிஞ்சுடுச்சு, திரும்ப கரையவே இல்ல. அவ்ளோதான் என் கதை.

ஆனா மேல எழுதினவங்களைப் பாத்தா சில விஷயம் சொல்லணும்னு தோணுது. ஒண்ணு, டிஎம்எஸ் சல்ஃபைடை அவ்ளோ ரசிச்சு எழுதியிருக்கீங்க, அது ஈரம் பட்டா ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும், விஷ வாயு, நம்ம ஊர் ஈரப்பதத்துல ஃப்யூம் ஹுட் இல்லாம அந்த பாட்டிலை தொறக்கவே கூடாது, மூக்கை நம்பாதீங்க, அளவு அதிகமாச்சுன்னா மூக்குக்கு வாசனையே தெரியாம போயிடும். க்ளவுஸ் ரெண்டு ஜோடி, வெளி ஜோடியை அடிக்கடி மாத்துங்க, ஈயம் ஒலியேட்டா கரைஞ்சு இருக்கறப்ப தோல் வழியா போறது சுலபம். அப்புறம் ஆக்டடெசீனை (டாட் பண்ற கரைப்பான்) வாங்கின பாட்டில்லேருந்து அப்படியே ஊத்தறவங்க இருக்காங்க, 100 டிகிரிக்கு மேல வேக்கத்துல வெச்சு தண்ணியையும் காத்தையும் எடுத்துட்டு தான் மேல போகணும், நுரை அடங்கற வரைக்கும் பொறுமையா நில்லுங்க. டிடெக்டிவிட்டி (எவ்ளோ மங்கல் வரைக்கும் புடிக்கும்ங்கறது) கணக்கு போடறப்ப டார்க் கரண்ட்டை வெச்சு ஷாட் நாய்ஸ் (எலக்ட்ரான் ஒண்ணொண்ணா வர்றதால வர்ற ஆட்டம்) மட்டும் போடாதீங்க, கெயின் இருக்கற டிவைஸ்ல குறைஞ்ச ஃப்ரீக்வென்சி நாய்ஸ் அதை விட பல மடங்கு இருக்கும், நம்பர் பொய்யா பெரிசாத் தெரியும், நாய்ஸை நேரா அளந்து போடுங்க. எலக்ட்ரோடுக்கு வெளில விழற வெளிச்சத்தையும் பரப்புல சேக்கணும். சில்வர் பேஸ்ட் வெச்சு கான்டாக்ட் எடுக்கறவங்க அது மேல லைட் படாம மறைங்க. லேப்டாப் ஸ்க்ரீன் வெளிச்சம் கூட...

கோவை கயல்:
அண்ணா, யாரும் அட்வைஸ் கேக்கல :) ஆனா சில்வர் பேஸ்ட் பத்தி சொன்னீங்க பாருங்க, அது என் கதை.

எங்க லேப்ல ஒரு சீனியர் அக்கா, ஜிங்க் ஆக்சைடு ஃபிலிம், 808 நானோமீட்டர் லேசர்ல நல்ல ரெஸ்பான்ஸ்னு காட்டினாங்க. எனக்கு உறுத்துச்சு. ஃபோட்டானோட எனர்ஜிக்கு 1240ஐ 808ஆல வகுத்தா 1.53 எலக்ட்ரான் வோல்ட், இதோட பேண்ட் கேப் (எலக்ட்ரானைக் கிளப்ப வேணுங்கற எனர்ஜி) 3.3க்கு மேல. டிஃபெக்ட்னு சொன்னாங்க. கரண்ட் ஏறற வேகத்தைப் பாத்தா டிஃபெக்ட் மாதிரி இல்ல, ஏதோ சூடாகற மாதிரி மெதுவா வளைஞ்சு ஏறுது. எல்லாரும் போன பிறகு லேசரை ஆஃப் பண்ணி, பிரோப் ஸ்டேஷனை கருப்பு துணியால மூடி, சால்டரிங் அயர்ன் முனையை சில்வர் பேஸ்ட் பக்கத்துல, தொடாம, கொண்டு போனேன். அதே வளைவு. எடுத்தேன், அதே மாதிரி இறங்குச்சு. திரும்ப கொண்டு போனேன், திரும்ப ஏறுச்சு. ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா எது லேசர் எது அயர்ன்னு பிரிக்க முடியல, அதாவது அந்த ரெஸ்பான்ஸ் வெளிச்சத்துக்கு இல்ல, சூட்டுக்கு.

அக்காகிட்ட தனியா காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம பாத்தாங்க, "இதை யார்கிட்டயாவது காட்டினியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. இல்லக்கான்னேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசவே இல்ல. அந்த கேள்வி பயமா, கோவமா, நன்றியான்னு எனக்கு இன்னும் தெரியல.

ஈயப்புள்ளி:
கயல், நீ பண்ணது தான் சரி, தனியா சொன்னதும் சரி. அந்த அயர்ன் டெஸ்ட்டை நான் எங்க பசங்களுக்கு சொல்லப் போறேன்.

மூணுமூலை, நான் சூரிய வெளிச்சத்துக்கு சொல்லல, ராத்திரில பாக்கற இன்ஃப்ராரெட் கேமராவுக்கு சொன்னேன். அங்க வெளிச்சமே கொஞ்சம் தான், அங்க கெயின் வேணும். எந்த இடத்துக்குன்னு கேக்காம சண்டை போட்டா ரெண்டு பேரும் பேசிட்டே இருக்க வேண்டியது தான்.

மூணுமூலை:
கேமராவுக்கு வேகமும் வேணுமே சார். ஒரு ஃப்ரேமோட நிழல் அடுத்த ஃப்ரேம்ல தங்கினா?

ஜிங்க்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஈயப்புள்ளி அண்ணா, ட்ராப் இருக்கறதுல எனக்கு சண்டை இல்ல. என் கவலை வேற: டெல்லில வெச்சா ஒரு நம்பர், மழை நாள் சென்னைல வெச்சா வேற நம்பர், ஏன்னா ராட் மேல என்ன ஒட்டியிருக்குங்கறதைப் பொறுத்து மாறுது. அதைப் போடாம டிடெக்டர்னு மட்டும் போட மனசு வரல. கயல் சொன்னதைப் படிச்சுட்டு அயர்ன் டெஸ்ட் இன்னிக்கே பண்ணேன், என்னுது சூட்டுக்கு லேசா தான் அசையுது, யூவிக்கு தான் ஏறுது, அது வரைக்கும் நிம்மதி. அடுத்து காஞ்ச காத்து, நைட்ரஜன், ஈரக் காத்து மூணுலயும் ஒரே டிவைஸை அளந்து மூணு கோட்டையும் ஒரே படத்துல போடறேன். வந்ததும் இங்கயே போடறேன், அதுக்கப்புறம் தலைப்பு.