வெள்ளம் புகுந்த கிணறு: இரண்டு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டும் சோதனைக் குப்பி கருக்கிறது

உறைக்கிணறு (கேள்வி கேட்பவர்):
வெள்ளத்தண்ணீர் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே போன உறைக்கிணறு. விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 5 மீட்டர் நிற்கிறது. இருபது குடும்பம் புழங்குகிறது. 250 கிராம் பவுடரை மேலே தூவினோம், மூன்று நாள் கழித்து மறுபடி அதே அளவு. அன்று வாடை அடித்தது, மறுநாள் துளிகூட இல்லை. தண்ணீர் இன்னும் பழுப்பாக இருக்கிறது. பாக்டீரியா சோதனைக் குப்பி (கருத்தால் தண்ணீரில் மலக் கிருமி இருக்கலாம் என்று அர்த்தம்) இரண்டு முறையும் ஒரே நாளில் கருத்துவிட்டது. பவுடர் போலியா, அளவு பத்தவில்லையா?

அளவுகோல் (பதில்):
அளவு பத்தவே பத்தாது. 3.14 × 2 × 2 ÷ 4 × 5 = 15.7 கன மீட்டர், அதாவது 15,700 லிட்டர். நல்ல பவுடரில் 30 சதவீதம் குளோரின் என்று வைத்தாலும் 250 கிராமில் இருப்பது 75 கிராம். லிட்டருக்கு 5 மி.கி. கூட வரவில்லை. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு ஒரு தடவையாவது 50 மி.கி. போட வேண்டும்: 785 கிராம் குளோரின், 2.6 கிலோ பவுடர். பவுடர் கட்டிதட்டி, வாடை மூக்கில் ஏறாமல் இருந்தால் பழசாகிவிட்டது, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

தூவியதும் தப்பு. பிளாஸ்டிக் வாளியில் 100 கிராமை முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விழுதாகக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிறு கட்டித் தண்ணீருக்குள் நன்றாக இறக்கி மேலும் கீழுமாக ஆட்டுங்கள். 26 வாளி ஆகும், சலிப்பான வேலைதான். மேலோடு கொட்டினால் அடித்தண்ணீருக்குப் போய்ச் சேராது.

கலங்கல் (பதில்):
கணக்கு சரி, வரிசைதான் மாறுகிறது. இந்தப் பழுப்புத் தண்ணீரில் 2.6 கிலோவும் வீண். சேறும் மக்கிய இலைதழையும் கிருமிக்கு முன்னால் குளோரினைத் தின்றுவிடும். முதலில் இறைத்து, தூர் வாரி, உறைச்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சுற்று மண் ஊறிப்போய் இருக்கும்போது ஒரேயடியாக இறைத்தால் வெளி அழுத்தத்தில் உறை சரியும், ஆகவே பாதி பாதியாக, நிறுத்தி நிறுத்தி. மருந்து போட்ட பிறகு யாரும் உள்ளே இறங்கக் கூடாது. போடுவதற்கு முன்பும் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் இறங்க வேண்டாம்.

மருந்து போட்டு 12 மணி நேரம் யாரும் எடுக்காமல் விட்டு, பிறகு மீதக் குளோரின் (கிருமியோடும் அழுக்கோடும் செலவானது போக மிஞ்சுவது) லிட்டருக்கு 0.5 மி.கி.க்குக் கீழே வரும்வரை இறைத்து விடுங்கள். அந்தத் தண்ணீர் குளத்துக்கோ ஓடைக்கோ போகக் கூடாது, மீன் செத்துவிடும். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் குளோரினை அளக்கப் போடும் டிபிடி மாத்திரையின் இளஞ்சிவப்பு நிறமே வெளுத்துப்போகும். நிறம் வரவில்லை என்றதும் இன்னும் கொட்டாதீர்கள். சுத்தமான தண்ணீரில் பத்து மடங்கு கலந்து மறுபடி பாருங்கள்.

உறைக்கிணறு:
நன்றி. விடுபட்ட ஒன்று: மேட்டுப் பக்கம் 12 மீட்டரில் கழிப்பறைக் குழி இருக்கிறது. உறை மூட்டுகளில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்து வருகிறது.

ஊற்றுக்கண் (பதில்):
அப்படியானால் வெள்ளம் மட்டும் காரணமில்லை. குழித்தண்ணீரில் அம்மோனியா இருக்கும். ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனை முடிக்க ஏறக்குறைய 7.6 பங்கு குளோரின் வேண்டும். அதுவரை கிடைப்பது குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள்), அதன் கொல்லும் வேகம் குறைவு. கசிவு ஓடிக்கொண்டே இருக்கும் வரை கிணற்றில் போடும் குளோரின் நிலைக்காது. மேலிருந்து 3 மீட்டர் வரை மூட்டுகளைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, உறைக்கு வெளியே களிமண் கெட்டித்து, மேலே சரிவான தளம் போடுங்கள். குழியை மாற்றுவதுதான் நிஜத் தீர்வு.

அதுவரை கிணற்றை விட்டுவிட்டு வாளியில் போடுங்கள். 33 கிராம் பவுடர் ஒரு லிட்டரில் கலந்து தெளியவிட்டால் 1 சதவீதக் கரைசல். நான்கு 20 லிட்டர் வாளியில் முறையே 2, 4, 6, 8 மி.லி. விட்டு 30 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். 0.5 மி.கி. மீதம் காட்டும் வாளியின் அளவே அந்த வாரத்து அளவு. மழை பெய்தால் மறுபடி பாருங்கள். கரைசல் மூடிய, வெளிச்சம் படாத பிளாஸ்டிக் கேனில் இருக்கட்டும், வாரத்துக்கு ஒரு முறை புதிதாகக் கலக்குங்கள். குழி இவ்வளவு பக்கத்தில் என்றால் நைட்ரேட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதைக் குளோரினும் எடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைக்கக் கூடாது.