தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ட்ரிப்: திரவ நைட்ரஜன் லூப், பிடி-100

தடா_கண்ட்ரோல்ஸ் (செவ்வாய், இரவு 9.50)

இரண்டு வாரமாக ஒரு விஷயம் படுத்தி எடுக்கிறது. தடா பக்கம் ஒரு சோதனைக் கூடத்தில் கண்ட்ரோல்ஸ் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரில் 2014இல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 10 கிலோவோல்ட் மீக்கடத்திக் கேபிள் (கடுங்குளிரில் மின்தடை இல்லாமல் கடத்துவது) போட்டார்களே, அதே யோசனைதான். எங்களுடையது வெறும் 30 மீட்டர். திரவ நைட்ரஜனைப் பம்ப் வைத்துச் சுற்ற விடுகிறோம். கொதிக்கக் கூடாது என்பதற்காக 77 கெல்வினுக்கும் கீழே குளிரவைத்துத்தான் உள்ளே அனுப்புவோம்.

பிரச்சினை இதுதான். காலை முதல் முழு மின்னோட்டத்தில் ஓடும்போது ஒன்றும் ஆவதில்லை. சாயங்காலம் டெஸ்ட் முடிந்து மின்னோட்டத்தை இறக்கினால், இருபது நிமிடத்துக்குள் 'வெளிவழி வெப்பநிலை' ட்ரிப். பிரேக்கர் திறந்து, பம்பும் நின்றுவிடுகிறது. மீக்கடத்தும் நிலை கலைந்தால் காட்டிக்கொடுக்கும் குவெஞ்ச் டிடெக்டரில் ஒரு அசைவும் இல்லை. ட்ரெண்டில் பார்த்தால் கோடு ஒழுங்காக வந்துகொண்டே இருந்து திடீரென்று காணாமல் போகிறது.

உள்வழியில் டையோடு சென்சார், தனி மானிட்டர் வழியாக வருகிறது. வெளிவழியில் செலவைக் குறைக்க மூன்று வயர் பிடி-100 (குளிரக் குளிர ஓம் குறையும் பிளாட்டினம் சென்சார்), நேராக பி.எல்.சி. (கட்டுப்பாட்டுக் கணினி) கார்டுக்கு. டெர்மினல் ஸ்க்ரூ எல்லாம் இறுக்கிவிட்டேன். கேபிள் மாற்றினேன். கார்டும் மாற்றினேன். ஆறு மணிக்கு இந்தப் பக்கம் வோல்டேஜ் ஆடும், அதனாலா?

ஷீல்டு_எர்த் (செவ்வாய், இரவு 10.20)

பம்புக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருக்கிறதா? மின்னோட்டத்தை இறக்கும்போது பம்ப் வேகத்தையும் குறைப்பீர்கள்தானே. எனக்கு அந்த டிரைவின் மின் இரைச்சல் மேல்தான் சந்தேகம். 77 கெல்வினில் பிடி-100 சுமார் 20 ஓம்தான் காட்டும். 0.43 ஓம் ஆடினாலே ஒரு கெல்வின் போச்சு. சென்சார் கேபிளின் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உறையை) எத்தனை முனையில் எர்த் செய்திருக்கிறீர்கள்?

தடா_கண்ட்ரோல்ஸ் (செவ்வாய், இரவு 10.35)

இரண்டு முனையிலும், அண்ணா. மாட்டியது நான் இல்லை. ஆனால் நேற்று வி.எஃப்.டி.யை ஒரே வேகத்தில் விட்டுப் பார்த்தேன். அப்போதும் ட்ரிப்.

ஷீல்டு_எர்த் (செவ்வாய், இரவு 10.41)

அப்படியானால் உள்ளே சாலிடர் விட்டிருக்கலாம். குளிரில் சுருங்கும்போது பிரியும், சூடானால் ஒட்டிக்கொள்ளும். பகலில் நன்றாக இருந்து ராத்திரி போவதற்கு அது பொருந்துகிறது.

பழைய_வால்வு (புதன், காலை 6.15)

தம்பி, எதையும் கழற்றாதே. மூன்று கேள்வி.

கோடு மறைகிற நொடியில் கார்டு கொடுக்கும் மூல எண் என்ன? திரையில் வருவது வேண்டாம்.
மறைவதற்கு முன் கடைசியாக எத்தனை கெல்வின்?
இரண்டு வாரத்துக்கு முன்னால் என்ன மாற்றினீர்கள்?

தடா_கண்ட்ரோல்ஸ் (புதன், மதியம் 1.10)

சார், மூல எண் மைனஸ் 32768. கடைசி அளவு 73.2 கெல்வின். நேற்றும் 73.2, முந்தாநாளும் 73.2.

மாற்றியது என்றால்... பெரிய மின்னோட்டத்துக்குப் போகிறோம் என்று உள்வழி செட்பாயின்டை (பிடித்து வைக்கும் வெப்பநிலையை) 72இலிருந்து 70க்கு இறக்கினோம். அது நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பழைய_வால்வு (புதன், மதியம் 1.25)

அதுதான் விஷயம். 73.15 கெல்வினை செல்சியஸில் சொல்லிப் பார். மைனஸ் 200. பிடி-100 தர அட்டவணை அங்கேயே முடிகிறது, 18.52 ஓமில். உன் கார்டின் அளவெல்லையும் அதுவாகத்தான் இருக்கும். சில கார்டுகளில் இன்னும் கீழே இடம் விட்டிருப்பார்கள், கையேட்டைப் பார்த்துக்கொள். எல்லைக்குக் கீழே போனதும் அது மைனஸ் 32768 என்று கையை விரித்துவிடுகிறது. பத்தில் ஒரு டிகிரிக் கணக்கு என்றால் மைனஸ் 3276.8. உன் புரோகிராம் 273.15ஐக் கூட்டி மைனஸ் 3003 கெல்வின் என்று எடுத்துக்கொள்கிறது. பிரபஞ்சத்திலேயே குளிரான இடம் தடாதான்! திரை அளவுகோலில் அதற்கு இடமில்லை, அதனால் கோடு காணாமல் போகிறது. சென்சார் பிழை என்று பிரேக்கரும் திறக்கிறது.

சாயங்காலம் ஏன் என்றால், கேபிளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டுவரும் செம்பு கரன்ட் லீடு ஒன்று வெளிச்சூட்டிலிருந்து 77 கெல்வினுக்கு இறங்கும்போது ஆயிரம் ஆம்பியருக்கு சுமார் 45 வாட் உள்ளே கொண்டுவரும். மின்னோட்டம் இல்லாவிட்டால் அதில் ஏறக்குறைய பாதிதான். மீக்கடத்திக்கு ஏ.சி.யில் இழப்பும் உண்டு, அதுவும் நின்றுவிடும். லூப்புக்குச் சுமை குறைந்ததும் வெளிவழி இன்னும் குளிர்கிறது. 72 செட்பாயின்டில் ஓடிய நாளில் அந்த எல்லையைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். லூப்பை நிறுத்தியபின் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வேண்டிய ஓமை வைக்கக்கூடிய ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ் மாட்டு. 18.6 வை, அப்புறம் 18.4 வை.

தடா_கண்ட்ரோல்ஸ் (புதன், இரவு 7.30)

18.6இல் 73.3 காட்டுகிறது. 18.4இல் மைனஸ் 32768.

தலையில் அடித்துக்கொண்டேன் சார். திரையைக் கெல்வினில் வைத்ததால் 200 என்ற எண் ஒரு நாளும் கண்ணில் படவில்லை. இதில் இன்னொன்று. எங்கள் ஆபரேட்டர் சூளூர்ப்பேட்டைக்காரர். முதல் வாரமே "சாலா சல்லகா அவுதோந்தி சார்" என்றார். ரொம்பக் குளிருகிறதாம். குளிரத்தானே கட்டியிருக்கிறோம் என்று சிரித்துவிட்டேன்.

இப்போதைக்கு அந்த இன்டர்லாக்கை (தானாக நிறுத்தும் பாதுகாப்பை) பைபாஸ் செய்துவிட்டு ஓட்டலாமா?

பழைய_வால்வு (புதன், இரவு 7.48)

கூடாது. 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா பக்கத்துத் துகள் ஆய்வுக்கூடமான செர்னில் நடந்ததைப் படித்திருப்பாய். ஒரே ஒரு கேபிள் இணைப்பு கெட்டதில் டன் கணக்கில் ஹீலியம் கொட்டியது. அங்கே யாரும் பைபாஸ் போடவில்லை, அந்த இணைப்புகளைப் போதுமான அளவு கண்காணிக்கவில்லை, அவ்வளவுதான். நீ இருக்கிற கண்ணையே மூடப் பார்க்கிறாய். சரி செய்கிறவரைக்கும் செட்பாயின்டை 72க்கே ஏற்றி ஓட்டு.

அப்புறம் கார்டை ஓம் அளவுக்கு மாற்று. வெறும் ஓமை வாங்கி, புரோகிராமில் ஒரு சின்ன அட்டவணை வைத்துக் கெல்வினாக்கு. 70 கெல்வினில் ஏறக்குறைய 17 ஓம் வரும், ஆனால் உன் சென்சாருக்கு நீயே அளந்து எழுதிக்கொள். திறந்த ட்யூவரில் (குளிர்காப்புக் குடுவையில்) கொதிக்கும் நைட்ரஜன் ஒரு புள்ளி, 77.36. நீ கடல் மட்டத்தில் இருப்பதால் அது அப்படியே செல்லும். பெங்களூரில் காற்றழுத்தம் குறைவு, அங்கே கிட்டத்தட்ட ஒரு கெல்வின் கீழேயே கொதிக்கும். வேக்குவம் பம்ப் வைத்து இழுத்தால் நைட்ரஜன் உறைய ஆரம்பிக்கும், அது இன்னொரு புள்ளி, 63.15. வயரையும் நான்காக்கு.

உறைகிற இடம் அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் கீழ் அலாரமும் வேண்டும். நானாக இருந்தால் 65இல் வைப்பேன். 'சென்சார் பிழை'யையும் 'வெப்பம் அதிகம்' என்பதையும் தனித்தனி ட்ரிப்பாகப் பிரி. இரண்டுக்கும் ஒரே செய்தி வந்ததால்தான் இரண்டு வாரம் அலைந்தாய்.

வெளிவழிப் பெட்டி பள்ளத்தில் இருக்கிறதா?

தடா_கண்ட்ரோல்ஸ் (புதன், இரவு 7.55)

ஆமாம் சார், தரைக்குக் கீழே நாலடி.

பழைய_வால்வு (புதன், இரவு 8.02)

ஆக்சிஜன் மீட்டர் இல்லாமல் இறங்காதே. ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் எழுநூறு லிட்டர் வாயு. குளிர்ந்த வாயு பள்ளத்திலேயே தங்கும், மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் வெளியே வந்துவிடு. மேலே ஒரு ஆள் நிற்கட்டும்.

தடா_கண்ட்ரோல்ஸ் (திங்கள், இரவு 8.40)

நான்கு வயர், ஓம் அளவு, அட்டவணை எல்லாம் முடிந்தது. செட்பாயின்ட் மறுபடி 70. இன்று மின்னோட்டத்தை இறக்கியதும் வெளிவழி 71.9 வரை போய் நின்றது. ட்ரிப் இல்லை.

ஷீல்டு_எர்த் (திங்கள், இரவு 9.05)

என் கணிப்பு இரண்டும் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஷீல்டு?

தடா_கண்ட்ரோல்ஸ் (திங்கள், இரவு 9.12)

ஒரு முனையை எடுத்துவிட்டேன், அண்ணா. ட்ரெண்டில் கோடு முன்னைவிட மெலிசாக இருக்கிறது.