பின் சக்கரப் பக்கம் 'டொக் டொக்' சத்தம்: ஷாக் அப்சார்பர் மாற்றியும் நிற்கவில்லை, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது எட்டு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். முன் சக்கர இழுவை, பின்னால் டிரம் பிரேக். 92,000 கி.மீ. தாண்டிவிட்டது. மூன்று மாதமாகப் பின்பக்கம் இடது புறத்திலிருந்து 'டொக்... டொக்டொக்' என்று சத்தம். மரக்கதவை விரல் முட்டியால் தட்டுவது போல இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினால் வராது. 20, 30 கி.மீ. வேகத்தில் பொடிப்பொடியான மேடுபள்ளத்தில்தான் விடாமல் தட்டும். பட்டறையில் காட்டினேன். "ஷாக் போயிடுச்சு" என்று பின்னால் இரண்டையும் மாற்றினார்கள். ஒரு நாள் குறைந்த மாதிரி இருந்தது, மறுநாளே திரும்ப வந்துவிட்டது. இப்போது இரண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கும் ஆக்ஸிலையே இறக்கிப் பார்க்கணும் என்கிறார்கள். பின் சீட்டில் குழந்தைகளை வைத்து ஓட்டுகிறேன், சக்கரம் கழன்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

வண்டிப்பிரியன்:
வீல் பேரிங்தான். எனக்கும் பின்னாடி சத்தம் வந்து, மாற்றினதும் சரியாகிவிட்டது.

பட்டறைக்காரர்:
பேரிங் போனால் பெரும்பாலும் இரையும், தட்டாது. 'ஊஊ' என்று வேகத்தோடு சேர்ந்து ஏறும். அவர் சொல்வது வேறு மாதிரி சத்தம்.

சார், ஆக்ஸிலை இப்போது இறக்கவிடாதீர்கள். முதலில், இன்றைக்கே, நான்கு சக்கரத்திலும் வீல் நட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குவது நல்லது. உங்கள் பயத்துக்கு முதல் மருந்து அதுதான்.

அடுத்து, தட்டுவது சுற்றுகிற பொருளா, சுற்றாத பொருளா என்று பிரிக்க வேண்டும். டயர் 175/65 ஆர்14 என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று வரும். வழவழப்பான ரோட்டிலும் அதே தாளத்தில் தட்டினால் டயர், டிரம், பேரிங் பக்கம் போகலாம். மேடுபள்ளத்தில் மட்டும் தட்டினால் சஸ்பென்ஷன், இல்லையென்றால் ஆடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சாமான்.

அதனால் டிக்கியைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பின்பக்கத் தட்டு எல்லாம் வெளியே. பின் சீட்டு முதுகை நன்றாகப் பூட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு ஆளில்லாத நேரான ரோட்டில் 20 கி.மீ.க்குள், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுங்கள். சத்தம் நின்றால் டிரம்முக்குள் பிரேக் ஷூ ஆடுகிறது. கடைசியாக, மெதுவாக முன்னே போய் பிரேக், ரிவர்ஸில் வந்து பிரேக். திசை மாறும்போதெல்லாம் கனமாக ஒரே ஒரு 'டொக்' வந்தால் ஆக்ஸில் பீமை வண்டியோடு பிடிக்கும் ரப்பர் புஷ்ஷைச் சந்தேகப்படலாம்.

கேட்டவர்:
பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி அண்ணா. நட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறது. டிக்கியைக் காலி செய்ததும் 'கிணிங்' என்ற மெல்லிய சத்தம் ஒன்று காணாமல் போயிற்று. ஜாக்கிதான், கிளிப்பில் உட்காராமல் கிடந்திருக்கிறது. ஆனால் அந்த மரக்கதவுத் தட்டல் அப்படியே இருக்கிறது. வழவழப்பான ரோட்டில் இல்லை. ஹேண்ட் பிரேக் இழுத்தும் மாறவில்லை. முன்னே பின்னே போய்ப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

சாலைப்பயணி:
சைலன்சர் தொங்கும் ரப்பரைப் பார்த்தீர்களா? ரப்பர் அறுந்தால் குழாய் அடித்தட்டில் இடிக்கும். இன்ஜின் சூடு ஆறினதும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
ஆட்டினேன், எங்கேயும் இடிக்கவில்லை. ரப்பர் எல்லாம் முழுசாக இருக்கிறது.

பட்டறைக்காரர்:
அப்படியானால் ஒன்று கேட்கிறேன். ஷாக் மாற்றியபோது மேல் மவுண்ட் புஷ், அதாவது ஷாக்கின் மேல்முனை வண்டியோடு சேரும் இடத்து ரப்பர், புதுசாகப் போட்டார்களா? புது ஷாக்கில் பழைய ரப்பரையே மாட்டுவது நிறைய நடக்கும். பெரிய பள்ளத்தில் ஷாக் ஒரே பக்கமாக அழுந்திக்கொண்டு போகும். பொடி மேட்டில் மேலும் கீழுமாக வேகவேகமாக மாறும். தேய்ந்த புஷ்ஷில் இருக்கும் இடைவெளியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தட்டு. நீங்கள் சொன்ன அடையாளம் இதற்குப் பொருந்துகிறது.

டிக்கியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பல வண்டிகளில் ஷாக்கின் மேல் நட் தெரியும். அதன்மேல் விரலை வையுங்கள். இன்னொருவர் வெளியே நின்று வண்டியின் பின்மூலையைச் சின்னச் சின்னதாக, வேகமாக அழுத்தட்டும். காதை நம்பாதீர்கள், தகட்டு வண்டிக்குள் சத்தம் இடம் மாறிக் கேட்கும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் வெறும் ஜாக்கியை நம்பிப் போகவே கூடாது. முன் சக்கரத்துக்குக் கட்டை, பின்னால் ஸ்டாண்டு.

கேட்டவர்:
அண்ணா, கிடைத்துவிட்டது! என் மனைவி வெளியே அழுத்த, நான் டிக்கிக்குள் ஒருக்களித்துப் படுத்து விரலை வைத்தேன். வலது பக்கம் அசைவே இல்லை. இடது பக்கம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் விரல் நுனியில் 'டிக்'. பட்டறையில் கழற்றச் சொல்லிக் கூடவே நின்றேன். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி நீள்வட்டமாகியிருந்தது. அதற்கடியில் வாஷர் உரசி உரசி வெள்ளி மாதிரி மின்னியது. பழையதையே போட்டதை அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் புது மவுண்ட் போட்டாயிற்று. அதே ரோட்டில் இரண்டு தடவை போய் வந்தேன், சத்தம் இல்லை. ஆக்ஸிலைத் தொடவே இல்லை.

பட்டறைக்காரர்:
ரொம்ப சந்தோஷம் சார். ஒன்று மட்டும் அவர்களிடம் கேளுங்கள்: ஷாக்கின் கீழ் போல்ட்டை, சக்கரம் தரையில் நின்று வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகு கடைசியாக இறுக்கினார்களா? சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கின நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும்.

கேட்டவர்:
தூக்கி வைத்தபடியேதான் இறுக்கினார்கள், நான் பார்த்தேன். நாளைக் காலை போய், தரையில் நிறுத்தித் தளர்த்தி, திரும்ப இறுக்கச் சொல்கிறேன்.