இங்கிலிஷ்ல ஈமெயில் எழுதேக்க வாற பிழைய எப்பிடித் திருத்திறது?

உப்புவெளிப் பொடியன்:
நான் இங்க ஒரு ஹோட்டல் ரிசப்ஷன்ல நிக்கிறன். வெள்ளைக்காரரோட கதைச்சுச் சமாளிப்பன், ஆனா ஈமெயில் எழுதத் தொடங்கினா கை நடுங்குது. நேற்று 'ஐ ஹாவ் சென்ட் த பில் யெஸ்டர்டே' எண்டு அனுப்ப, மனேஜர் பிழையெண்டு சொன்னவர், ஏனெண்டு இன்னும் விளங்கேல்ல. கிளாஸுக்குப் போக நேரமில்ல, வழி சொல்லுங்கோ.

நிலாவெளி அக்கா:
தம்பி, யெஸ்டர்டே மாதிரி முடிஞ்ச நேரத்தச் சொன்னா ஹாவ் வராது, 'ஐ சென்ட்' தான். நேரம் சொல்லாட்டி 'ஐ ஹாவ் சென்ட்' சரி. டிட் வந்தாலும் கவனம், 'டிட் நொட் வென்ட்' இல்ல, 'டிட் நொட் கோ', ஏனெண்டா இறந்தகாலத்த டிட்டே காட்டிட்டுது.

மூதூரான்:
சொல்லுக்கு முன்னால 'ஏ' போடுறதா 'அன்' போடுறதா எண்ட குழப்பமும் இருக்குமே? எழுத்தப் பாக்காதீங்க, சத்தத்தப் பாருங்க. ஹவர்ல எச் கேக்காது, அதால 'அன் ஹவர்'. யூனிவர்சிட்டி யகரச் சத்தத்தில தொடங்கிறதால 'ஏ யூனிவர்சிட்டி'. 'டிஸ்கஸ் அபவுட்' எண்டும் எழுதாதீங்க, டிஸ்கஸ் மட்டும் காணும்.

நிலாவெளி அக்கா:
நான் தேறினது சீஆர் கொப்பியாலதான், அதான் அந்தக் கெட்டி மட்டை போட்ட எழுதுற கொப்பி. ஒஃபிஸுக்கு வாற நல்ல ஈமெயில் ஒண்ட கையால பாத்தெழுதி, அடுத்த நாள் பாக்காம எழுதி, ரெண்டையும் பக்கத்தில வச்சு சிவப்புப் பேனையால திருத்துவன், அப்ப எங்க 'த' எண்ட சொல்ல விட்டனெண்டு கண்ணுக்கே தெரியும். பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் எண்ட வெப்சைட்டும் காசில்லாமப் பாக்கலாம்.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி அக்கா, நைட் டியூட்டியில எழுதிப் பாக்கிறன்.