துத்தநாகம் மிதக்க மாட்டேங்குது, அவசரம்

மிதவை மாணவன்: ராஜஸ்தான் ஈய-துத்தநாகத் தாது, லேப் மிதவை செல்லுல (காத்தை ஊதி கனிமத்தை நுரையில ஏத்திப் பிரிக்கிற தொட்டி) ஓட்டுறேன். ஈயம் அருமையா வருது. துத்தநாகத்துக்கு வந்தா நுரை வெறும் வெள்ளை, கனிமமே ஏறல. சாந்தேட்டை (கனிமத்துல ஒட்டி அதை நுரையில ஏற வைக்கிற மருந்து) ரெண்டு மடங்காக்கியும் அதே கதை. நாளைக்கு கைடுகிட்ட காட்டணும்.

ஆலைக்காரன்: பி.எச். எவ்வளவு? எத்தைல் சாந்தேட்டா, ஐசோபுரோப்பைலா? மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போட்டீங்களா?

பழைய கெமிஸ்ட்: சாந்தேட் கெட்டுப்போயிருக்கும். கரைச்சு எத்தனை நாளாச்சு? அமிலம் பட்டா கார்பன் டைசல்பைடா சிதைஞ்சிடும். எங்க போனாலும் பிரச்சினை இதான்.

ஆலைக்காரன்: அதே சாந்தேட்லதானே ஈயம் வந்திருக்கு?

கனிம ஆசான்: அடிப்படை படிச்சுட்டு செல்லைத் தொடணும் தம்பி. கலீனா, அதாவது ஈய சல்பைடு மேல சாந்தேட் ஈய சாந்தேட்டா பிடிக்கும், தண்ணியில கரையாது. துத்தநாக சாந்தேட் அதைவிட நல்லாவே கரையும். அதனால எத்தைல் மாதிரி குட்டைக் கார்பன் சங்கிலி சாந்தேட் ஸ்பேலரைட்ல, அதாவது துத்தநாக சல்பைடுல நிக்காது. தாமிர அயனி வந்து பரப்புல இருக்குற துத்தநாகத்தைத் தள்ளிட்டு உக்காந்தாத்தான் பிடிப்பு.

மிதவை மாணவன்: எத்தைல்தான் சார். சுண்ணாம்பு போட்டு பி.எச். 10.5. மயில்துத்தமும் போட்டேன், சாந்தேட்டோட சேர்த்தே ஊத்தினேன். மஞ்சளா திரிஞ்சுது.

ஆலைக்காரன்: அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா! தாமிரமும் சாந்தேட்டும் தண்ணியிலேயே சேர்ந்து படிவாயிடுச்சு, கனிமத்துக்கு எதுவும் மிஞ்சல. மயில்துத்தத்தை முதல்ல போட்டு அஞ்சு நிமிஷம் கலக்க விடுங்க. அப்புறம்தான் சாந்தேட்.

பழைய கெமிஸ்ட்: ஆசானே, எல்லா சல்பைடு மேலயும் உலோக சாந்தேட்தான் பிடிக்கும்னு பிள்ளைங்க நினைச்சிடப் போகுது. இரும்பு சல்பைடான பைரைட்ல டைசாந்தோஜன், அதாவது ரெண்டு சாந்தேட் எலக்ட்ரானை விட்டுட்டு ஒண்ணாச் சேர்ந்தது.

கனிம ஆசான்: நான் சொன்னது கலீனாவை. எத்தைல் சாந்தேட்டுக்கு 1972ல அலிசன் குழு அளந்திருக்கு: பி.எச். 7ல டைசாந்தோஜன் உருவாக 0.13 வோல்ட் வேணும். அந்தக் கரைசல்ல பைரைட்டோட மின்னழுத்தம் 0.22, தாண்டிடும். கலீனா 0.06, தாண்டாது.

பழைய கெமிஸ்ட்: சால்கோபைரைட் (தாமிர-இரும்பு சல்பைடு) 0.14. அதை எந்தப் பக்கம் சேர்ப்பீங்க?

கனிம ஆசான்: டைசாந்தோஜன் பக்கம். நூலிழைதான், ஆனாலும் தாண்டுதில்ல.

பழைய கெமிஸ்ட்: ஆலைக் கூழ்ல அந்த நூலிழை நிக்குமா? காத்தைக் குறைச்சா மின்னழுத்தமும் இறங்கும். சாந்தேட் விடுற எலக்ட்ரானை வாங்க ஆக்சிஜன் வேணும்ல!

மிதவை மாணவன்: வந்துருச்சு, பழுப்பு நுரை. பைரைட்டும் கொஞ்சம் கூடவே வருது. நன்றி.

ஆலைக்காரன்: தாமிரம் பைரைட்டையும் உசுப்பும். சுண்ணாம்பை ஏத்தி 11 கிட்ட வச்சுப் பாருங்க. மயில்துத்தம் டன்னுக்கு எத்தனை கிராம் போட்டீங்க?

ஆலைக்காரன்: தம்பி?