2011 ஏப்ரல் 27, அலபாமா: அன்று அங்கிருந்தவர்களின் அனுபவங்கள்

மேடிசனுக்குப் புதிதாக வந்தவர்:

அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தால் அண்மையில்தான் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மேடிசன் நகரில் குடியேறியிருக்கிறோம். வீட்டுத் தரகர் முதல் முடிதிருத்தகக்காரர் வரை யாரிடம் பேசினாலும் பேச்சு எப்படியோ ‘ஏப்ரல் 27’ என்பதில் வந்து நிற்கிறது. ஆண்டைக்கூட யாரும் சொல்வதில்லை; 2011-இல் அன்று இங்கே பல டொர்னேடோக்கள் (மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் கடும் சுழற்காற்றுகள்) தாக்கியதைத்தான் சொல்கிறார்கள் என்று பிறகு புரிந்தது. அன்று இங்கே வசித்த நம்மவர்கள் யாரேனும் தாங்கள் கண்டதை எழுத முடியுமா? எங்கள் வீட்டில் நிலவறை இல்லை என்பதும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஹன்ட்ஸ்வில் வாசி:

நான் அப்போதும் உங்கள் பக்கத்து ஊரான ஹன்ட்ஸ்வில்லில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசினால் மாலையில் டஸ்கலூசா நகரைத் தாக்கிய டொர்னேடோவை மட்டும்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கதை விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது. பொழுது புலரும் நேரத்தில் மிசிசிப்பியிலிருந்து அணிவகுத்து வந்த இடிமழை, அலபாமாவின் நடுப்பகுதியையும் வடபகுதியையும் கடந்து போனது. அதிலேயே பல டொர்னேடோக்கள் இருந்தன, உயிர்ப்பலியும் நேர்ந்தது. ஆனால் அந்தக் காலை மழை செய்த பெரிய கேடு வேறு. மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்ததால் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. வானிலை எச்சரிக்கையை ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் சிலவும் வாயடைத்துப் போயின. ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் அன்று தன்னிடமுள்ள மிக உயர்ந்த அபாய நிலையை அறிவித்திருந்தது. கணிப்பில் ஒரு குறையும் இல்லை. அது வீடுகளுக்கு வந்து சேரும் வழிதான் காலையிலேயே அடைபட்டுவிட்டது.

மழை விட்டதும் வெயில் வந்தது. விவரம் தெரிந்தவர்களுக்கு அந்த வெயிலே வயிற்றில் புளியைக் கரைத்தது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த ஈரக்காற்று அந்த வெயிலில் சூடேற, தரையருகே தென்கிழக்குத் திசையிலிருந்தும், உயரத்தில் தென்மேற்கிலிருந்து பன்மடங்கு வேகத்திலும் காற்று வீசிக்கொண்டிருந்ததால், அதன்பின் எழுந்த இடிமேகங்கள் ஒவ்வொன்றும் தாமாகவே சுழலத் தொடங்கின. பிற்பகலில் அலுவலகத்திலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த சிறிய குளியலறையில், குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்து மேலே மெத்தையைச் சாய்த்துக்கொண்டு, பேட்டரியில் ஓடும் வானொலியைக் கேட்டபடி நானும் மனைவியும் இருந்தோம். அபாயச் சங்கு ஓய்வதும் மீண்டும் ஒலிப்பதுமாகவே இருந்தது. எங்கள் தெருவில் ஓர் ஓடுகூட நகரவில்லை.

ஆனால் சங்கு ஓய்ந்து வெளியே வந்தபோது, புல்தரை எங்கும் கூரைக்கு அடியில் பொதிந்துவைக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு சிதறிக் கிடந்தது. அதனிடையே நனைந்த ஒரு கட்டண ரசீதின் பாதி. பெயரும் தொகையும் கிழிந்து போயிருந்தன, முகவரியில் ஊர்ப்பெயர் மட்டும் தெரிந்தது: பில் கேம்ப்பெல். அந்த ஊர் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 340 கி.மீ. வேகக் காற்றுடன் ஹேக்கில்பர்க், பில் கேம்ப்பெல் ஆகிய இரு சிற்றூர்களையும் துடைத்தெடுத்த அந்த டொர்னேடோவில் 72 பேர் இறந்தார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஹேக்கில்பர்க்கில் பலருக்கும் வேலை கொடுத்துவந்த ராங்க்ளர் ஜீன்ஸ் கிடங்கு தரைமட்டமானது. அங்கிருந்து பறந்த கால்சட்டைகள் பல மைல்கள் தள்ளி வயல்களில் கிடைத்தன. ஒரு புகைப்படம் பில் கேம்ப்பெல்லில் கிளம்பி டென்னசியின் லெனோர் சிட்டியில், ஏறத்தாழ 350 கி.மீ. தூரத்தில் போய் விழுந்தது. இப்படிக் கண்டெடுத்த படங்களையும் ஆவணங்களையும் உரியவர்களிடம் சேர்ப்பதற்கென்றே முகநூலில் ஒரு பக்கம் தொடங்கப்பட்டது. நானும் அந்த அரை ரசீதைப் படமெடுத்துப் போட்டேன், யாரும் கேட்டு வரவில்லை.

மின்தடங்கள் அறுந்ததால், அலபாமாவிலேயே உள்ள ஏதென்ஸ் என்ற ஊருக்கு அருகிலுள்ள பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தின் மூன்று உலைகளும் தாமாக நின்றன. டீசல் ஜெனரேட்டர்களைக் கொண்டு அவற்றைக் குளிர்வித்தார்கள். ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது என்பதால், டொர்னேடோவுக்கு அஞ்சாதவர்கள்கூட அன்றிரவு அதற்கு அஞ்சினார்கள். விபரீதமாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஊரே பல நாட்கள் இருளில் கிடந்தது. பெட்ரோல் நிலையங்களில் பம்பு ஓடவில்லை, கடைகளில் அட்டை செல்லவில்லை, கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களே பொருள் வாங்க முடிந்தது.

டஸ்கலூசாவின் முன்னாள் மாணவி:

மேலே எழுதிய அண்ணன் சொன்ன காலை மழையை நானும் தூக்கக் கலக்கத்தில் கேட்ட நினைவு இருக்கிறது. அப்போது நான் அலபாமா பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். 15ஆம் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்ககத்தின் தரைத்தளத்தில் நாங்கள் மூன்று பெண்கள் தங்கியிருந்தோம். எங்களுக்கு மட்டும் அன்று மாலை வரை மின்சாரம் இருந்தது. பர்மிங்ஹாம் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் ஸ்பான் என்ற வானிலையாளர் வருவார். அவர் கோட்டைக் கழற்றி, தோள்வார் தெரிய நின்றால் நிலைமை மோசம் என்று அலபாமாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று கோட்டு எப்போதோ கழன்றிருந்தது. ஐந்து மணி தாண்டியதும் எங்கள் ஊரில் பொருத்தியிருந்த கேமராவின் காட்சியைத் திரையில் காட்டினார்கள். நான் புனல் வடிவத்தில் ஏதோ தொங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். திரையில் தெரிந்ததோ தரையையும் வானத்தையும் ஒட்டிய ஒரு கரிய சுவர், அதன் ஓரங்களில் பறந்துகொண்டிருந்தவை கூரைத் தகடுகள் என்று அறிவதற்கே சில நொடிகள் ஆயின.

சன்னல் இல்லாத உள்நடையில் போய்க் குப்புறப் படுத்தோம். விமானம் இறங்கும்போது வருமே, அப்படிக் காது அடைத்தது. ஓசையைப் பற்றி எல்லோரும் ரயில் என்பார்கள்; எனக்கு நினைவிருப்பது அந்த இரைச்சலுக்குள் தனித்தனியாகக் கேட்ட மரம் முறியும் சத்தம். ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் மேல்தளத்துக் கூரை போயிருந்தது. எங்கள் அறையில் சன்னல்கள் மட்டும் உடைந்திருந்தன.

வெளியே வந்ததும் முதலில் உணர்ந்தது வாசனை: முறிந்த பைன் மரங்களின் பிசினும், உடைந்த குழாய்களிலிருந்து கசிந்த எரிவாயுவும். 15ஆம் தெருவும் மெக்ஃபார்லண்ட் பெருஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் நின்றபோது எந்தத் திசையில் எது இருந்தது என்றே புரியவில்லை. அடையாளம் சொல்ல ஒரு பெயர்ப்பலகை, ஒரு மரம் மிஞ்சவில்லை. வெறுங்காலுடன் நடந்து வந்த ஒரு வயதானவருக்கு என் தோழி தன் காலணியைக் கழற்றிக் கொடுத்தாள். ஆணிகள் அத்தனை கிடந்தன.

அந்த ஒரு டொர்னேடோ டஸ்கலூசா தொடங்கி பர்மிங்ஹாமின் வடபகுதி வரை 130 கி.மீ. ஓடியது, 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எங்கள் பல்கலைக்கழகத்தில் மட்டும் ஆறு மாணவர்கள். தேர்வுகளை ரத்து செய்து, பட்டமளிப்பு விழாவை ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தார்கள். மாவட்டத்தின் பேரிடர் மேலாண்மை அலுவலகமே இடிந்துவிட்டதால், உதவிப் பணியை ஒருங்கிணைக்க வேண்டியவர்கள் முதலில் தங்களுக்கு ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. ரோஸ்டேல் கோர்ட் என்ற அரசுக் குடியிருப்பும், ஆல்பர்ட்டா பகுதியும் அடியோடு போயின. காற்று ஏழை, பணக்காரன் பார்ப்பதில்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்தும் வீட்டிலும் பழைய அரசுக் குடியிருப்பிலும் இருந்தவர்களுக்கு ஓடி ஒளிய ஓர் உறுதியான சுவர்கூட இல்லை.

பர்மிங்ஹாம் அன்பர்:

எனக்கு எழுத அதிகமில்லை. பிராட் சிட்டி என்ற பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, அதே டொர்னேடோ போனது. ஜூன் மாதம் ஒரு குழுவுடன் பில் கேம்ப்பெல்லுக்கு இடிபாடு அகற்றப் போயிருந்தேன். ரயில் பாதை போட்ட ஒருவரின் பெயரால் அமைந்த ஊர் அது. அந்தப் பெயர் கொண்டவர்கள் பல நாடுகளிலிருந்து அங்கே கூடுவதாக முன்னரே ஏற்பாடு இருந்ததாம். அழிவுக்குப் பிறகும் அவர்கள் வந்தார்கள், நிதி திரட்டித் தந்தார்கள். கையுறையும் கடப்பாரையுமாக நின்றவரிடம் பெயர் கேட்டால் “பில் கேம்ப்பெல்” என்பார், அடுத்தவரும் அதையே சொல்வார். அந்தச் சூழலிலும் ஊர்க்காரர்கள் சிரித்ததை அங்கேதான் பார்த்தேன்.

ஹன்ட்ஸ்வில் வாசி:

புதிதாக வந்த நண்பர் நிலவறை பற்றிக் கேட்டிருந்தார். இங்கே பெரும்பாலான வீடுகள் கான்கிரீட் தளத்தின்மேல் நேராகக் கட்டியவைதான். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத, சன்னலற்ற மிகச் சிறிய அறையை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் ஆளுக்கொரு தலைக்கவசம், மூடிய காலணி, பேட்டரி வானொலி, ஊதல் ஆகியவை இருக்கட்டும். தலைக்காயத்தால் நேரும் சாவுகளைக் கண்ட பர்மிங்ஹாம் ஆய்வாளர்களே தலைக்கவசத்தை வலியுறுத்தினார்கள். சைக்கிளுக்குப் போடுவதே போதும். அபாயச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்கானது, உறக்கத்தில் இருப்பவரை அது எழுப்பும் என்று நம்ப வேண்டாம். 2012 முதல் கைப்பேசிக்கே நேரடி எச்சரிக்கை வருகிறது. அதை அணைத்து வைக்காதீர்கள். வசதி இருந்தால் கார் நிறுத்தும் அறையின் தரையில் முடுக்கிப் பொருத்தும் எஃகு அறை வாங்கலாம்.

இன்னொன்று. இது 2011-இல் மட்டும் வந்ததில்லை. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாநிலங்களில் 148 டொர்னேடோக்கள் வந்தபோது, உங்களுக்கு மேற்கே உள்ள டேனர் என்ற ஊரைக் கடுமையான இரண்டு டொர்னேடோக்கள் ஏறத்தாழ அரைமணி இடைவெளியில் அடித்தன. 2011-இல் வந்ததும் அந்தப் பக்கமாகத்தான் போனது. வசந்தம் கழிந்தால் நிம்மதி என்றும் எண்ண வேண்டாம், நவம்பரிலும் இங்கே ஒரு பருவம் உண்டு. 1989 நவம்பர் 15 அன்று மாலை, வேலை விட்டு வீடு திரும்பும் நேரத்தில் ஹன்ட்ஸ்வில்லின் ஏர்போர்ட் சாலையைத் தாக்கிய டொர்னேடோவில் 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கார்களுக்குள் இருந்தவர்கள். ஆகவே எச்சரிக்கை வந்தபின் அலுவலகத்திலிருந்து கிளம்பாதீர்கள். உங்கள் கட்டடத்தில் ஒதுங்கும் இடம் எது என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.